வெளிச்சத்தால் வயிறு நிறையாத முருகைகள்

கடல்நீர்த் தொட்டிக்கு முருகை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?" என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலான முருகைகளுக்கு அது பொருத்தமான கேள்வியே. ஆனால் ஒளித்தொகுப்பை நம்பி வாழாத முருகைகள் என்று ஒரு பெரும் பிரிவு உண்டு. அவற்றைப் பார்த்துக் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இதன் வாய் எவ்வளவு பெரியது? அந்த வாய்களுக்கு ஊட்ட எனக்கு நேரம் இருக்கிறதா? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், வளர்ப்பு முறையின் பெரும்பகுதி அதிலிருந்தே விளங்கிவிடும்.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். முருகை ஒரு விலங்கு. ஒரே உருவான சிறு விலங்குகள் பல ஒட்டி வாழும் கூட்டம் என்றால் இன்னும் சரியாக இருக்கும். அந்தச் சிறு விலங்குதான் பொலிப்பு. அதன் உடல் ஒரு பை. பையின் மேலே ஒரு வாய். வாயைச் சுற்றி வளையமாகப் பரிசக்கொம்புகள். கொம்புகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் கலங்கள் நிறைந்திருக்கின்றன. உரசிச் செல்லும் சிற்றுயிரை அவை குத்தி மயக்க, கொம்புகள் வளைந்து இரையை வாய்க்குள் தள்ளுகின்றன. சமித்தது போக மிஞ்சும் கழிவும் அதே வாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. கல் முருகைகளில் ஒவ்வொரு பொலிப்பும் தனக்குக் கீழே ஒரு சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கட்டிக்கொள்கிறது. கடற்கரையில் பொறுக்கும் முருகைக்கல்லில் தெரியும் குழிகள் எல்லாம் அப்படி ஒரு காலத்தில் ஒருவர் குடியிருந்த கிண்ணங்கள்தான்.

ஆழம் குறைந்த, வெயில் விழும் நீரில் வாழும் முருகைகளின் சதைக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை பகல் முழுவதும் ஒளித்தொகுப்புச் செய்து, ஆக்கிய உணவில் பெரும்பங்கை முருகைக்கே கொடுத்துவிடுகின்றன. சில இனங்களுக்குத் தேவையான சக்தியில் 90 வீதம் வரை இப்படிக் கிடைக்கிறது. கடல் சூடேறினால் இந்த உறவு முறிகிறது. அல்காக்கள் வெளியேற, முருகை வெளுத்துப் போகிறது. 1998 இல் ஹிக்கடுவையின் ஆழமற்ற முருகைகளில் பெரும்பாலானவை வெளுத்து இறந்தது அதனால்தான். 2016 இலும் நம் கடலில் வெளுப்பு வந்தது.

ஒளித்தொகுப்புச் செய்யாத முருகைகளுக்கு இந்த உள்வீட்டுச் சமையல்காரர் இல்லை. அவற்றின் சதையில் அல்காவே கிடையாது. நீரில் மிதந்து வரும் விலங்குப் பிளாந்தன், மீன் முட்டை, சிதைந்த துணுக்குகள் என்று கொம்புக்கு எட்டியதைப் பிடித்துத் தின்றுதான் அவை வாழ வேண்டும். இவை ஏதோ அபூர்வமான விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். உலகில் அறியப்பட்ட கல் முருகை இனங்களில் ஏறக்குறைய பாதி இத்தகையவை. நோர்வேக் கரைக்கு அப்பால், 300 மீற்றருக்கும் கீழே, வெளிச்சம் எட்டாத குளிர்ந்த நீரில் 35 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ரொஸ்ட் முருகைப் பாறை 2002 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கட்டியதும் அல்கா இல்லாத முருகைகளே. வெப்பக் கடல்களில் இவற்றின் உறவினர் பாறைக் குகைகளிலும், பாறை விளிம்பின் அடிப்புறங்களிலும், மூழ்கிய கப்பல்களின் நிழல் விழும் பக்கங்களிலும் வாழ்கிறார்கள். கொழும்புக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் கப்பல்களில் சுழியோடுகிறவர்களுக்கு அந்த ஆரஞ்சு நிறக் கிண்ணக் கொத்துகள் பழக்கமானவை.

நிழலில் வாழ்வதால் வெளிச்சம் இவற்றைக் கொன்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெளிச்சம் இவற்றுக்கு நஞ்சில்லை. வெயில் படும் இடத்தில் பாசியும் வேகமாக வளரும் மற்ற முருகைகளும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், போட்டி குறைந்த இருட்டில் இவை நிலைத்தன. தொட்டியிலும் அதே கதைதான். பலமான விளக்கின் கீழே வைத்தால் பொலிப்புகளுக்கு இடையே உள்ள மெல்லிய சதைமேல் பாசி படரத் தொடங்கும். நிழலான இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

எதை வாங்குவது?

இங்கேதான் வாயின் அளவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வாய் பெரிதானால் இரை பெரிதாக இருக்கலாம். ஒரு வேளை உணவு சில நாட்களுக்குத் தாங்கும். வாய் சிறிதானால் இரையும் தூசு போல இருக்க வேண்டும், அதுவும் ஏறத்தாழ இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது தியூபஸ்திரேயா பேரினத்தை மட்டுமே. வளர்ப்பவர்கள் சன் கோரல் என்று அழைப்பது இதைத்தான். ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் வரும். பொலிப்பு ஒன்று விரல் நகம் அளவுக்கு இருக்கும். நன்றாக விரிந்தால் அதைவிடப் பெரிதாகத் தெரியும். சிறு இறாலை முழுதாக விழுங்கக்கூடிய வாய். இதன் நெருங்கிய உறவான தென்ட்ரோஃபிலியாவின் பொலிப்புகள் இன்னும் பெரியவை, ஊட்டுவதும் எளிது; ஆனால் எளிதில் கிடைக்காது. கரும்பச்சை நிறத்தில் மரம் போலக் கிளைவிடும் தியூபஸ்திரேயா மைக்ராந்தஸ் பார்க்க அழகு. அதன் பொலிப்புகள் சிறியவை, எண்ணிக்கையோ மிக அதிகம். சன் கோரலில் கை பழகாமல் அதைத் தொடக் கூடாது.

அடுத்தது விசிறி போல விரியும், அல்கா இல்லாத கடல்விசிறிகள். இவற்றின் பொலிப்பு ஒரு சில மில்லிமீற்றர்தான். நாளுக்குப் பல தடவை நுண்ணுணவு வேண்டும்.

இன்னொன்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தென்ட்ரோநெப்தியா என்ற மென்முருகை. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, கண்ணாடி போன்ற தண்டோடு, பூங்கொத்து மாதிரி இருக்கும். இதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. செங்கடலில் இதை ஆராய்ந்தவர்கள், இது பெரும்பாலும் தாவரப் பிளாந்தனைத் தின்று வாழ்கிறது என்று 1995 இல் வெளியிட்டார்கள். அந்த நுண்ணுணவை, ஓயாத நீரோட்டத்தோடு, இரவும் பகலும் வீட்டுத் தொட்டியில் கொடுத்துக்கொண்டிருப்பது மிகக் கடினம். வாங்கியவர்களின் தொட்டிகளில் இது சில வாரங்களிலோ மாதங்களிலோ சுருங்கிச் சுருங்கி மறைந்துவிடுகிறது. பசியால் இறக்கும் உயிர் சத்தம் போடாததால் நமக்கு அதன் துன்பம் தெரிவதில்லை. அழகுக்காக இதை வாங்கவே வேண்டாம்.

வாங்கும் முன்

இலங்கைக் கடலிலிருந்து முருகையை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கல் முருகைகள் பாதுகாக்கப்பட்டவை. தியூபஸ்திரேயா அல்காவோடு வாழாவிட்டாலும் கல் முருகைதான். அதற்கும் இது பொருந்தும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் கல் முருகைகள் அனைத்தும் இருப்பதால், எல்லை தாண்டி வருவதற்கும் அனுமதிப் பத்திரம் தேவை. ஆகவே, "எங்கிருந்து வந்தது? பத்திரம் எங்கே?" என்று விற்பவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். பத்திரத்தைக் காட்ட முடியாதவரிடம் வாங்கக் கூடாது. ஐயம் இருந்தால் பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே பணத்தைக் கொடுங்கள். சுழியோடப் போன நண்பர் அன்போடு கொண்டுவந்து தந்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய பொருள் இது.

பத்திரம் சரியாக இருந்தால், அடுத்ததாகக் கூட்டத்தை நெருங்கிப் பாருங்கள். பொலிப்புகள் மூடியிருப்பது கெட்ட அறிகுறி ஆகாது. பகலில் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது சதையை. நன்றாக இருக்கும் கூட்டத்தில் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலும், பொலிப்புகளுக்கு நடுவேயும் சதை போர்த்தியிருக்கும். பசியில் வாடிய கூட்டத்தில் அந்தப் போர்வை மேலேறிப் போய், இடைவெளிகளில் வெறும் சுண்ணாம்பு தெரியும். கிண்ணத்துக்குள் வாயை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள் கூர்கூராகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஓரளவு வாடியதை ஊட்டி மீட்கலாம். ஆனால் முதல் கூட்டமாக அப்படிப்பட்டதை எடுக்க வேண்டாம்.

ஒட்டுண்ணிகளையும் தேடுங்கள். சன் கோரலையே தின்று வாழும் ஒரு சிறு மஞ்சள் நத்தை உண்டு. அதன் முட்டைத் திரளும் மஞ்சள்தான். பெஸ்டிலா என்ற ஓடில்லாக் கடல் நத்தை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. தின்னும் முருகையின் நிறமே அதற்கும் வந்துவிடுவதால், ஆரஞ்சுக் கூட்டத்தில் ஆரஞ்சாக ஒட்டிக்கொண்டிருக்கும். கைவிளக்கை வைத்துக்கொண்டு அடிப்புறம், இடுக்குகள் எல்லாவற்றையும் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

ஊட்டுவது

தொட்டிக்குள் உணவைக் கொட்டிவிட்டுப் போவது ஊட்டுவதாகாது. வாய்க்கு ஊட்ட வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும். கூட்டத்தில் பொலிப்புகள் சதையால் இணைந்திருக்கின்றன. ஒன்று தின்றால் மற்றவற்றுக்கும் போகுமே என்று தோன்றும். நடைமுறையில் அது போதுவதில்லை. கைக்கு எட்டும் பக்கத்துப் பொலிப்புகளுக்கு மட்டும் ஊட்டிக்கொண்டிருந்தால், பின்பக்கத்துப் பொலிப்புகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, வெறும் கிண்ணமாகிப் போகும். அதனால்தான் சிறிய கூட்டமாக வாங்குங்கள் என்கிறேன். பதினைந்து வாய்க்கு ஊட்டுவது இன்பம். நூறு வாய்க்கு ஊட்டுவது ஒரு வேலை.

உணவுக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. மிசிஸ், ஆர்டீமியா போன்ற உறைய வைத்த சிறு இறால்களை அலங்கார மீன் விற்பவர்களிடம் கேட்கலாம். இரண்டில் மிசிஸில் சத்து அதிகம். ஆர்டீமியாவை மட்டும் நம்ப வேண்டாம். மீன் சந்தையில் உப்புப் போடாத, பச்சையான கூனி இறால் கிடைக்கும் நாட்களில் அதைவிடப் பொருத்தமான உணவு வேறில்லை. சன் கோரலின் வாய்க்கென்றே அளந்த மாதிரி இருக்கும். கூனி இல்லாவிட்டால் சாதாரண இறாலைத் தோலுரித்து, பச்சையரிசி அளவுக்குப் பொடியாக நறுக்கிக்கொள்ளலாம். மீன் சினையும் நல்லது. கருவாட்டுக் கடைக் கூனி மட்டும் வேண்டாம். உப்பிலும் வெயிலிலும் காய்ந்தது அது. சந்தையில் வாங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, மெல்லிய தகடாக உறைய வைத்துவிட்டால் உடைத்து உடைத்து எடுக்கலாம்.

ஊட்டும் முன் உறைந்த உணவைச் சிறு கோப்பையில் தொட்டி நீர் விட்டு இளக வைத்து, தேநீர் வடியில் வடித்துக்கொள்ளுங்கள். வடிந்த கலங்கல் நீரை முழுதாகக் கொட்டிவிட வேண்டாம். அதில் சில துளிதான் பொலிப்புகளை எழுப்பும் அழைப்பு.

விளக்கு அணைந்து சற்று நேரம் கழித்து, அந்தச் சில துளியைக் கூட்டத்துக்கு மேலே விடுங்கள். முதலில் எதுவும் நடக்காது. கூட்டம் முறுக்கிய ஆரஞ்சுக் கட்டியாகவே கிடக்கும். சில நிமிடங்களில் ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவும் உப்பத் தொடங்கும். நீரை உறிஞ்சி உடல் நிமிரும். விளிம்பில் மொட்டு மொட்டாகக் கொம்புகளின் முனைகள் தெரியும். பிறகு அவை நீள்கின்றன. கால் மணியிலிருந்து அரை மணிக்குள் கூட்டம் முழுவதும் மஞ்சள் கொம்புகளால் மூடிப்போகும். இப்போது நீரோட்டப் பம்பை நிறுத்திவிட்டு, நீண்ட குழாய் முனையுள்ள பிப்பெட்டில் இறாலை எடுத்து, ஒரு பொலிப்புக்கு ஒன்றிரண்டாக, கொம்புகளின் மேல் மெதுவாக விழவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மூடிக்கொள்ளும். இறால் பட்டவுடன் அந்தப் பக்கத்துக் கொம்புகள் ஒட்டிக்கொண்டு உள்நோக்கி வளையும். வாய் முதலில் ஒரு கோடாக, பின் வட்டமாகத் திறந்து இரையை மெல்ல உள்ளே இழுக்கும். மெல்லிய சதை வழியாக இறாலின் கறுத்த கண் சிறிது நேரம் தெரிவதும் உண்டு.

புதிதாக வந்த கூட்டம் முதல் நாளே இப்படி விரிந்துவிடாது. ஒன்றிரண்டு வாரம் கூட முகம் காட்டாமல் இருக்கலாம். ஒவ்வொரு மாலையும் ஒரே நேரத்தில் சில துளி உணவுச் சாற்றை விட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். நேரம் பழகிய பிறகு, உணவு வருவதற்கு முன்பே விரிந்து காத்திருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை ஊட்டினால் கூட்டம் நிலைக்கும். அதைவிட அடிக்கடி ஊட்டினால், அதன் கழிவைத் தாங்கும் தொட்டி இருந்தால், புதுப் பொலிப்புகள் அரும்பும்.

திருடர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துப்புரவு இறால் என்று நாம் ஆசையாக வளர்ப்பது, பொலிப்பு விழுங்கிய இரையைக் கூட வாய்க்குள் கால் விட்டு இழுத்தெடுக்கும். துறவி நண்டும் அப்படித்தான். மீன்களுக்கு முதலில் உணவு போட்டு வயிற்றை நிரப்பிவிடுவது ஒரு வழி. பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டியெடுத்து, கூட்டத்தின் மேல் கூடாரம் போலக் கவிழ்த்து, வாய்ப்பகுதி வழியாக ஊட்டி, அரை மணி கழித்து எடுப்பது அதைவிடச் சிறந்தது.

சிறிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வது இன்னொரு முறை. கூட்டம் ஒட்டியிருக்கும் கல்லைப் பிடித்து, சதையைத் தொடாமல் தூக்கி, தொட்டி நீர் நிறைந்த ஒரு பாத்திரத்தில் வைத்து, அதிலேயே ஊட்டுவது. தின்று முடித்ததும் கூட்டத்தை மட்டும் தொட்டியில் திரும்ப வைத்துவிட்டு, பாத்திரத்து நீரைக் கொட்டிவிடலாம். சிந்திய உணவு ஒன்றும் தொட்டிக்குள் போகாது. முரண்டு பிடிக்கும் பொலிப்புகளை எழுப்புவதற்கும் இதுவே கைகண்ட வழி.

நீர்

ஊட்டுவது பாதி வேலை என்றால், ஊட்டியதன் மிச்சத்தை அகற்றுவது மீதிப் பாதி. இறால் என்றால் புரதம். தின்னாமல் கிடந்து அழுகினாலும், தின்று கழித்தாலும், புரதம் அமோனியாவாகிறது. தொட்டியின் கற்களிலும் மணலிலும் குடியேறிய பற்றீரியாக்கள் அதை நைத்திரைட்டாகவும் பிறகு நைத்திரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தப் பற்றீரியாக் குடியேற்றம் உருவாகவே நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் இந்த முருகையை வைக்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். ஆறு மாதமாவது நிலைத்த தொட்டியாக இருந்தால் நான் நிம்மதியாகச் சம்மதிப்பேன்.

நைத்திரேட்டும் பொஸ்பேட்டும் ஏறினால் பாசி ஏறும். பாசி ஏறினால் பொலிப்புகளின் இடைச்சதை போகும். நுரையெழுப்பிக் கரிமக் கழிவை அள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்தத் தொட்டிக்கு ஆடம்பரம் ஆகாது. தொட்டியின் கொள்ளளவுக்கு எழுதியிருப்பதைவிடச் சற்றுப் பெரிய ஸ்கிம்மரைப் போடுங்கள். வாரம் 10 முதல் 20 வீதம் நீர் மாற்றுங்கள். நைத்திரேட்டை லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவிலும், பொஸ்பேட்டை 0.1 க்குக் கீழேயும் வைத்திருந்தால் போதும். முற்றிலும் பூச்சியமாக்க முயல்வது தேவையற்ற போராட்டம். உப்புச் செறிவு ஆயிரத்துக்கு 35, அதாவது அடர்த்தி அளவில் 1.025 அல்லது 1.026. கிண்ணம் கட்ட வேண்டியிருப்பதால் கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை, அதை அளக்கும் டிகேஎச் என்ற அலகில், 8 அல்லது 9. ஒரு சிறு கூட்டம் எடுத்துக்கொள்ளும் கல்சியம் மிகக் கொஞ்சம். வாராந்த நீர் மாற்றமே அதை ஈடுசெய்துவிடும்.

நீர் எங்கிருந்து எடுப்பது என்பது கொழும்பில் உடனே எழும் கேள்வி. கடல் வாசலில் இருக்கிறது. வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்தால் கால் நனையும். அந்த நீரை எடுக்காதீர்கள். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் நகரத்தின் கழிவோடு அங்கேதான் கலக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலை மணலைக் கலக்கிவிடும். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளையும் நாம் மறக்கவில்லை. குழாய் நீரும் அப்படியே ஆகாது. களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் நீர் நமக்குக் குடிக்க ஏற்றது. ஆனால் அதிலுள்ள குளோரினும் மற்றக் கரைசல்களும் முருகைக்கு ஒவ்வா. நுண்சவ்வு வழியாக நீரைத் தள்ளித் தூய்மையாக்கும் ஆர்.ஓ. வடிகட்டியில் எடுத்த தூய நீரில், முருகைத் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடலுப்பைக் கலந்து, பம்பு வைத்துக் கலக்கி, முழுதும் கரைந்த பிறகு பயன்படுத்துவதே சரியான வழி.

ஆனையிறவிலும் புத்தளத்திலும் கடல்நீரிலிருந்துதானே உப்பு விளைகிறது, அதைக் கரைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது, கல்சியச் சேர்மங்கள் முன்பாத்திகளிலேயே படிந்துவிடுகின்றன. கடைசியில் மிஞ்சும் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். நடுவில் விளைந்து நம் சமையலறைக்கு வருவது ஏறக்குறைய சோடியம் குளோரைட் மட்டுமே. முருகைக்கு வேண்டியவை முன்னும் பின்னும் போய்விட்டன.

வெப்பமும் மின்சாரமும்

ஒரு விடயத்தில் கொழும்புக்காரர்களுக்கு இந்த முருகை வசதியானது. ஒளித்தொகுப்பு முருகைகளுக்கு வேண்டிய பலமான விளக்கு இதற்குத் தேவையில்லை. பார்ப்பதற்குப் போதுமான சிறு விளக்கு போதும். மின்கட்டணமும் குறையும், விளக்கின் சூடும் நீருக்குள் போகாது. ஆனாலும் நம் அறைகள் பகலில் 30 பாகையைத் தொடுகின்றன. தொட்டியை 26, 27 பாகை செல்சியசில் நிலையாக வைத்திருக்க வேண்டும். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி ஓட்டினால் ஆவியாதலால் நீர் குளிரும். கொழும்புக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் உலர்ந்த ஊர்களில் கிடைக்கும் பலன் இங்கே கிடைக்காது. மேல்மாடி வீடுகளில் குளிரூட்டும் சில்லர் இல்லாமல் முடியாமலும் போகலாம். விசிறி ஓடினால் ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தூய நீரை நாள்தோறும் விட வேண்டும், உப்பு நீரை விடக் கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது.

நீர் சூடேறினால் அதில் கரையும் ஒட்சிசன் குறைகிறது. அதே நேரம் உயிர்களின் தேவை கூடுகிறது. இதோடு மின்வெட்டும் சேர்ந்தால்தான் உண்மையான ஆபத்து. 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் திடீரென்று இருண்டதையும் பார்த்தவர்கள் நாம். அதிகம் ஊட்டும் தொட்டியில் மிச்சத்தைச் சிதைக்கும் பற்றீரியாக்களும் ஒட்சிசனை இழுக்கின்றன. பம்பு நின்றால் மற்றத் தொட்டிகளை விட இது சீக்கிரம் மூச்சுத் திணறும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் ஊட்ட வேண்டாம். ஊட்டாத நாள் எதையும் கெடுக்காது. ஊட்டிய உடனே பம்பு நின்றால் கெடும். பம்பை நீங்களே நிறுத்தி ஊட்டும் நாட்களில், அரை மணிக்குள் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கூட்டத்தை வைக்கும் இடத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். இயற்கையில் பாறையின் அடிப்புறத்தில் தலைகீழாகத் தொங்குகிறது என்பதற்காகத் தொட்டியிலும் பின்மூலைக் குகைக்குள் வைக்காதீர்கள். முன்பக்கத்தில், ஒரு கல்லின் நிழலில், பிப்பெட் எட்டும் இடத்தில், சற்றுச் சாய்வாக வையுங்கள். நீரோட்டம் நேராக முகத்தில் அடிக்காமல், சுற்றிச் சுழன்று போக வேண்டும். தூசும் கழிவும் பொலிப்புகளுக்கு நடுவே படியாமல் அது பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், சில மாதங்களில் கூட்டத்துக்கு வெளியே, எதிர்ப்பக்கத்துக் கல்லிலோ கண்ணாடியிலோ கூட ஒரு மிளகளவு ஆரஞ்சுப் புள்ளி தெரியலாம். தாய்க் கூட்டம் தனக்குள் வளர்த்து வெளிவிட்ட குடம்பி நீந்திப் போய் ஒட்டிய இடம் அது. இந்தப் பெருகும் வலிமைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தியூபஸ்திரேயா இயல்பாக இல்லாத அத்திலாந்திக்கில், கரீபியன் தீவுகளில் 1943 இலேயே பதிவாகி, பின்னர் பிரேசிலின் எண்ணெய் மேடைகள் வழியாகப் பரவி, அங்குள்ள பாறைகளை ஆக்கிரமித்தது. நம் கடலில் சொந்தமாகவே இருக்கும் பேரினம்தான் என்றாலும், வேறு நாட்டுத் தொட்டிகளைக் கடந்து வந்த துண்டையோ, அதனோடு ஒட்டி வந்த நத்தையையோ, தொட்டி நீரையோ கடலில் விடக் கூடாது. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் இன்னொரு வளர்ப்பவரிடம் பத்திரத்தோடு ஒப்படையுங்கள். புதிதாக ஒட்டிய குஞ்சுப் பொலிப்புக்குக் கூனி பெரிது. ஆர்டீமியாக் குஞ்சோ நன்றாக மசித்த இறாலோ கொடுக்கலாம்.

ஊருக்குப் போகும் நாட்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறவர் ஒரு வாரம் வீட்டில் இல்லையென்றால், புறப்படுவதற்கு முந்தைய வாரம் வழக்கமான அளவிலேயே தவறாமல் ஊட்டியிருந்தால் போதும். நல்ல நிலையில் இருக்கும் கூட்டம் ஒரு வாரப் பட்டினியைத் தாங்கும். போவதற்கு முதல்நாள் அள்ளிக் கொட்டிவிட்டுப் போவதுதான் கேடு. பக்கத்து வீட்டு அக்காவிடம் திறப்பைக் கொடுத்தால், ஊட்டும் வேலையைக் கொடுக்க வேண்டாம். அன்பு மிகுதியால் ஒரு வாரத்து உணவு ஒரே மாலையில் தொட்டிக்குள் போய்விடும். குறைந்த நீருக்குத் தூய நீர் விடுவதையும், பம்பு ஓடுகிறதா என்று பார்ப்பதையும் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். கோடு எதுவரை என்று கண்ணாடியில் பேனாவால் குறித்துவைத்தால் அவருக்கும் எளிது. மூன்று வாரம், நான்கு வாரம் என்று போகிறவர்கள் ஊட்டத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே வீட்டுக்கு அழைத்து, இரண்டு மாலையாவது அவர் கையாலேயே ஊட்டச் செய்து பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், இந்த முருகையை வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.